மூணாம் நம்பரை உட்கார வை

ஆண்கள் புறணி பேசமாட்டார்கள், அது பெண்களின் வேலை என்று எவன் சொன்னானோ, அவனைப் பிடித்துக்கொண்டு வந்து எங்கள் லாண்டிரியில் ஒரு திங்கட்கிழமை நிறுத்தவேண்டும். காது புளித்து ஓடிப்போவான். சனி ஞாயிறு இரண்டு நாளும் ஓட்டல்களில் ஊரார் புரண்டு எழுந்த விரிப்புகள் அன்றைக்குத்தான் மூட்டை மூட்டையாக வந்து இறங்கும். போதாததற்கு ஆஸ்பத்திரித் துணி. துவைக்கிற மெஷின்கள் ஒரு பக்கம் தடதடக்கும், இஸ்திரி ரோலர் ஒரு பக்கம் சீறும், ப்ளீச்சிங் நெடி கண்ணைக் கரிக்கும். இத்தனைக்கும் மேலே குரலை ஏற்றி இவர்கள் கத்துவார்கள். என்ன குடிமுழுகிப் போகிற விஷயம் என்று கேட்டால், கால்பந்து.

நான் ரோலரில் நிற்பவள். ஈர விரிப்பின் ஒரு மூலையை நானும் மறு மூலையை என் ஜோடிக்காரியும் இழுத்துப் பிடித்து ஒரே சமயத்தில் உள்ளே விடவேண்டும். ஒருத்தி கொஞ்சம் அசந்தாலும் துணி கோணிக்கொண்டு போய் மடிப்பு விழுந்துவிடும். என் ஜோடிக்குக் காது மந்தம். பேச்சுத் துணைக்கு ஆள் இல்லாமல் இவர்கள் பேச்சையே கேட்டுக் கேட்டு, ஆஃப்சைடு என்றால் என்ன, கார்னருக்கு எவன் எங்கே நிற்கவேண்டும் என்பதெல்லாம் எனக்குப் பாடமாகிவிட்டது. என் புருஷனுக்குத் தெரிந்தால் சிரிப்பான்.

டீ நேரத்தில் துணி மடிக்கிற மேஜைதான் மைதானம். தலையணை உறைகளைச் சின்னதாக மடித்து ஆள் ஆளாக வைப்பார்கள். ஓட்டல் வெள்ளை உறை நம் நாட்டு அணி, ஆஸ்பத்திரிப் பச்சை உறை எதிராளி. வைப்பது ரேடியோ. மெஷின் ஓட்டுகிறவனுக்கு நாங்கள் வைத்த பெயர் அது. திருகினால் பாடும், ஆனால் நிறுத்துகிற குமிழ் கிடையாது. 

"நாலு பேரு பின்னாடி, நாலு பேரு நடுவுல, ரெண்டு பேரு முன்னாடி. பச்சப் புள்ளைக்கும் தெரியும். இந்த மொட்டைக்குத் தெரியல," என்று ஆரம்பிப்பான். மொட்டை என்பது அணியின் கோச். வெளிநாட்டுக்காரர், தலையில் மருந்துக்கும் முடி கிடையாது. 

"அஞ்சு பேரப் பின்னாடி நிறுத்துறான்யா. பந்து விளையாடவா, இல்ல கதவுக்குக் காவலா?" இது வேன் டிரைவர். டீயைக் கையில் எடுத்தால் ஆறிப்போகும்வரை குடிக்கமாட்டார், பேச்சு தடைப்படும் என்று. 

"ஜெயிக்க வேணாம், டிரா பண்ணாப் போதும்கறான். டிரா பண்ணி டிரா பண்ணியே உலகக் கோப்பைக்கு ஊர்ந்து போயிடலாம்னு பாக்குறான்."

"போவான். டிக்கெட் வாங்கிட்டுப் போய் மேல உக்காந்து வேடிக்க பாப்பான்."

"முன்னாடி நிக்கிற தடியன மாத்தணும். போன மேட்சுல பந்து அவன் கால்ல பட்டதவிட ரெஃப்ரி கால்ல அதிகம் பட்டுச்சு."

"தடியன் என்ன பண்ணுவான்? பந்து குடுத்தாத்தானே. நடுவுல நிக்கிறவன் பந்தக் கண்டா பங்காளியக் கண்ட மாதிரி ஒதுங்குறான்."

இப்படி ஒவ்வொரு உறையாக இழுத்து வைத்துத் திட்டுவார்கள். இடது ஓரத்தில் இருக்கிற ஒரு வெள்ளை உறையை மட்டும் யாரும் தொடமாட்டார்கள். அதற்கு ஆள் வரவேண்டும். பாய்லர் அறையிலிருந்து பாய்லர் அண்ணன் துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே வருவார். மேஜையை ஒரு பார்வை பார்ப்பார். அந்த உறையை எடுத்து மேஜைக்கடியில் வீசுவார்.

"இந்த மூணாம் நம்பரை எவன்டா டீம்ல எடுத்தான்? ஓரமா நின்னு காத்து வாங்கவா? உட்கார வைடா அவனை!"

மேஜையே அதிரும்படி சிரிப்பார்கள். அதற்கப்புறம்தான் மற்றவர்கள் மூணாம் நம்பரைப் பற்றி ஒரு வார்த்தை, இரண்டு வார்த்தை சொல்வார்கள். சொல்லிவிட்டு கோல்கீப்பரைத் திட்டப் போய்விடுவார்கள்.

மூணாம் நம்பர் அண்ணனின் மகன். ஒரே மகன்.

இது எப்படி வழக்கமாயிற்று என்பதையும் சொல்லிவிடுகிறேன். அந்தப் பிள்ளை நாட்டுக்காக முதல்முதலாக ஆடிய அன்றைக்கு எங்கள் லாண்டிரியே கொண்டாடியது. முதலாளி எல்லாருக்கும் கேக் வாங்கினார். பிள்ளை என்ன செய்தான், எதிராளி அடித்த பந்தைத் தலையால் தள்ளப்போய் நம் வலைக்குள்ளேயே தள்ளிவிட்டான். தோற்றுப்போனோம். மறுநாள் அண்ணன் உள்ளே வந்தபோது அத்தனை பேரும் வாயை மூடிக்கொண்டார்கள். துக்கம் கேட்க வந்தவர்கள் மாதிரி ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார்கள். ரேடியோகூடப் பேசவில்லை. அந்த அமைதியை அண்ணனால் தாங்க முடியவில்லை. டீ நேரம்வரை பொறுத்துப் பார்த்தார். அப்புறம் விறுவிறு என்று வந்து அந்த உறையைத் தூக்கி எறிந்து, "என்னடா எல்லாரும் ஊமையாயிட்டீங்க? அந்த மூணாம் நம்பருக்கு எந்தப் பக்கம் கோல் போடணும்னே தெரியல, அவனைப் போய் எடுத்திருக்கான்!" என்றார். 

அப்பாடா என்று சிரித்தார்களே ஒரு சிரிப்பு! ரேடியோ அவர் முதுகில் தட்டினான். அன்றைக்குப் பிடித்த வழக்கம், வருஷக்கணக்காக விடவில்லை. 

ஒருநாள் நான் நேராகவே கேட்டேன். "ஏண்ணே, பெத்த பிள்ளைய இப்படிக் கரிச்சுக் கொட்டுறீங்களே, வாய் கூசல?"

"உனக்கு இந்தப் பசங்களத் தெரியாதும்மா. நான் அவனைத் தூக்கிப் பேசினேன்னு வை, வேணும்னே போட்டு மிதிப்பானுங்க. நானே மிதிச்சிட்டா, பாவம்னு விட்டுடுவானுங்க. பாரு, ரெண்டு வார்த்தையோட விட்டுட்டானுங்களா இல்லையா?"

விட்டுத்தான் இருந்தார்கள்.  ஆனாலும் அந்த உறை பறக்கிறபோதெல்லாம் எனக்குப் பொறுக்காது.

அவர்கள் வீடும் எங்கள் வீடும் ஒரே சுவர். அண்ணி வேலைக்கு வருவதில்லை. லாண்டிரியில் கிழிந்துபோகிற விரிப்புகளை வீட்டுக்கு வாங்கிப்போய் ஒட்டுப்போட்டுத் தைத்துக் கொடுப்பாள். சாயங்காலம் நான் போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்து நூல் கோர்த்துக் கொடுப்பேன். அவள் சொல்லித்தான் எனக்கு வீட்டில் நடக்கிறது தெரியும். மகன் ஆடுகிற மேட்சை அண்ணன் உட்கார்ந்து பார்த்ததே கிடையாது. கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றபடியே பார்ப்பார். அங்கே எவனாவது பிள்ளையின் காலில் உதைத்தால் இங்கே இவர் கால் வெட்டி இழுக்கும். பிள்ளை நன்றாக ஆடிவிட்டால் வாயே திறக்காமல் பின்பக்கம் போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வருவார்.

"அழுதுட்டுத்தான் வர்றார்னு எனக்குத் தெரியாதா?" என்பாள் அண்ணி. "ஆனா பையன் போன் பண்ணா மட்டும், 'ம், பார்த்தேன். அந்த ரெண்டாவது கார்னர்ல தூங்கிட்டே'ன்னு ஒரு வார்த்தை. போனை என் கையில குடுத்துடுவார்."

"பையன் அதுக்கு என்ன சொல்வான்?"

"'சரிப்பா'ம்பான். வேற என்ன சொல்வான்?"

லாண்டிரியில் பழகின நாக்கு வீட்டிலும் அப்படியே புரண்டது. எங்கே திட்டு, எங்கே வேஷம் என்பது அவருக்கே மறந்துபோயிருக்கும் என்றுதான் எனக்குத் தோன்றும்.

பிள்ளையைப் பற்றிச் சொல்லவேண்டும். அவன் என்னை அத்தை என்பான், நான் அவனை மருமகனே என்பேன். அந்த உறவெல்லாம் நாங்களாக வைத்துக்கொண்டதுதான். அதிர்ந்து பேசமாட்டான். டீவியில் பார்க்கிறபோது எதிராளியோடு தோளோடு தோள் முட்டிக்கொண்டு ஓடுகிறானே, அவனா இவன் என்று இருக்கும். வீட்டுக்கு வந்தால் அம்மாவுக்குத் தண்ணீர் தூக்கி வைப்பான், தையல் மெஷினுக்கு எண்ணெய் போடுவான், எங்கள் வீட்டு பல்பை மாட்டிக்கொடுத்துவிட்டுப் போவான்.

கடைசி மேட்சுக்கு முன்னால் ஒரு லீவு கிடைத்து வந்திருந்தான். அந்த மேட்ச் என்ன மேட்ச் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கவேண்டும். அதில் டிரா செய்தால்கூடப் போதும், நம் நாடு முதல்முறையாக உலகக் கோப்பைக்குப் போகும். கடைக்குக் கடை கொடி தொங்கியது. அதற்கு முந்தின மேட்சில் ஒரு பாவி இவன் கணுக்காலில் ஏறி மிதித்திருந்தான். 

காலையில் அவன் மாடிப்படி இறங்கியதை நான் பார்த்தேன். சுவரைப் பிடித்துக்கொண்டு, பக்கவாட்டில், ஒவ்வொரு படியாக இறங்கினான். அண்ணியும் பார்த்தாள். நாங்கள் பார்ப்பதைப் பார்த்ததும் நேராக நின்றுகொண்டான். 

"காலையில மட்டும் கொஞ்சம் இறுகிக்கும் அத்தை. நடக்க ஆரம்பிச்சா சரியாயிடும்."

"டாக்டர்கிட்ட காட்டுனியா?"

"காட்டினா உட்கார வச்சிடுவாங்க. இந்த ஒரு மேட்ச் அத்தை. எனக்கு வயசாயிடுச்சு, அடுத்த உலகக் கோப்பைக்கெல்லாம் என்னை எடுக்க மாட்டாங்க. இதுல ஆடிட்டாப் போதும் எனக்கு. வெளிய மட்டும் சொல்லிடாதீங்க."

அவன் தனக்காக எதையும் கேட்டு நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. வாசலில் குனிந்து செருப்பு வார் மாட்டிக்கொண்டிருந்த அண்ணன் காதிலும் இது விழுந்தது.  மகன் பைக்குள் அவித்த முட்டையும் ரொட்டியும் அண்ணி வைத்தாளா என்று மட்டும் இரண்டு தடவை கேட்டார்.

அந்த வாரம்தான் லாண்டிரிக்கு அந்தப் பெண் வந்தாள். கையில் மைக், கூடவே படம் பிடிக்க ஒருத்தன். பந்தாட்டத்துக்கென்றே நடத்துகிற ஏதோ சேனலாம். வேலை செய்கிற இடங்களுக்குப் போய் ரசிகர்கள் என்ன சொல்கிறார்கள் என்று கேட்டுப் போடுகிறார்களாம். முதலாளிக்குத் தலைகால் புரியவில்லை. எல்லாரையும் துவைத்த ஏப்ரன் கட்டிக்கொள்ளச் சொன்னார். மேஜைமேல் உறைகளை அடுக்கிவிட்டு ரேடியோ தொண்டையைக் கனைத்துக்கொண்டான். கொஞ்ச நேரம் எல்லாரும் செய்தி வாசிக்கிறவர்கள் மாதிரி இலக்கணமாகப் பேசிப் பார்த்தார்கள். அப்புறம் சூடு ஏறிவிட்டது.

"இந்த மேட்சுலயும் மொட்டை அஞ்சு பேர நிறுத்தட்டும்னு நான் சொல்றேன். டிரா போதும்னா எதுக்கு முன்னாடி ஓடணும்?" என்றார் டிரைவர்.

"யோவ், நீதானே போன வாரம் அஞ்சு பேர நிறுத்தினா கதவுக்குக் காவலான்னு கேட்ட?"

"அது போன வாரம். நெலம மாறினா பேச்சு மாறணும்யா. அதத்தான் டாக்டிக்ஸ்னு சொல்றது!"

அந்தப் பெண்ணுக்கே சிரிப்பு வந்துவிட்டது. அப்போதுதான் அண்ணன் துண்டோடு உள்ளே வந்தார். 

"ஐயா, நீங்க சொல்லுங்க. யாரை மாத்தணும்?" என்று மைக்கை நீட்டினாள்.

"சொல்லுண்ணே, சொல்லு!" என்று ரேடியோ உசுப்பினான். 

அண்ணன் உறையை எடுத்தார், வீசினார். "மூணாம் நம்பரை உட்கார வை!"

வழக்கமான சிரிப்பு. அவ்வளவோடு முடிந்திருக்கும். ரேடியோவுக்கு நாக்கு ஒரு இடத்தில் நிற்குமா? "அவர் பையன்தான்மா அந்த மூணாம் நம்பர்!" என்று போட்டு உடைத்தான். அந்தப் பெண்ணின் கண் பளிச்சென்று ஆனது. 

"நெஜமாவா? சொந்தப் பையனையே உட்கார வைக்கச் சொல்றீங்களா? ஏன் ஐயா?"

அவர் சிரித்துவிட்டு டீயை எடுத்துக்கொண்டு போயிருக்கலாம். எல்லாரும் அவர் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். இன்னொரு சிரிப்புக்குக் காத்துக்கொண்டு நிற்கிறார்கள், கேமரா வேறு நிற்கிறது. நாக்கில் சனி உட்கார்ந்துவிட்டது.

"நான் பெத்தவன் சொல்றேம்மா. அவனுக்கு மனசுல பயம் வந்திருச்சு. வீட்டு மாடிப்படியிலயே சுவத்தப் பிடிச்சுக்கிட்டு நண்டு மாதிரி இறங்குறான். நொண்டிக் குதிரையக் கொண்டுபோய்ப் பந்தயத்துல விடலாமா, நீயே சொல்லு!" 

என்ன சிரிப்பு! டிரைவருக்கு டீ புரை ஏறியது. நான் அசந்ததில், பிடித்திருந்த விரிப்பு கோணிக்கொண்டு ரோலருக்குள் போயே போய்விட்டது. என் ஜோடி ஏதும் கேளாமல் என்னை முறைத்தாள்.

அந்தப் பெண் போனபிறகு அண்ணன் ரோலர் பக்கம் வந்தார். முகம் ஒரு மாதிரி இருந்தது. "கொஞ்சம் அதிகமாப் பேசிட்டேனோ?"

"பேசிட்டீங்க."

"சே, அதையெல்லாம் எவன் பாக்கப் போறான்? சின்னப் பொண்ணு."

சாயங்காலத்துக்குள் நாடே பார்த்துவிட்டது. 'அப்பாவே சொல்கிறார்' என்று தலைப்பு. பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இருந்தவர்கள் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். "இப்படி ஒரு நேர்மையான அப்பன் கிடைப்பானாடா!" என்றான் ஒருத்தன். "பெத்தவனுக்கே நம்பிக்கை இல்லன்னா நமக்கு என்னடா நம்பிக்கை?" என்றான் அடுத்தவன். கறிகாய்க் கடையில், மருந்துக் கடையில், எங்கே போனாலும் அந்த நண்டும் நொண்டிக் குதிரையும்தான். வேஷம் என்பது எங்கள் லாண்டிரிக்குள்ளே இருக்கிறவர்களுக்குத்தானே தெரியும்? வெளியே அது வெறும் சொல்லாகப் போய்ச் சேர்ந்தது.

அண்ணி அவரோடு பேசவில்லை. சோறு வைத்தாள், தண்ணீர் வைத்தாள், தைக்க உட்கார்ந்துகொண்டாள். அவர் மகனுக்குப் போன் போட்டுக்கொண்டே இருந்தார். எடுக்கவில்லை. கடைசியில் அம்மாவுக்கு மட்டும் ஒரு செய்தி வந்தது. டாக்டர் பார்த்துவிட்டார், கால் நன்றாக இருக்கிறது, கவலைப்படவேண்டாம்.

"பார்த்தியா, நல்லா இருக்குன்னு சொல்லிட்டான்," என்று அண்ணன் என்னிடம் அந்தப் போனைக் காட்டினார். மறுநாளும் காட்டினார். 

மேட்ச் அன்று மத்தியானம் பிடித்த மழை விடவில்லை. ரேடியோவும் டிரைவரும் அண்ணன் வீட்டுக்கே வந்துவிட்டார்கள். எனக்கும் வீட்டில் இருப்புக்கொள்ளவில்லை. அண்ணன் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஆடுகிறவர்கள் பெயரைப் போட்டார்கள். மூணாம் நம்பர் இல்லை. அவன் இடத்தில் நெட்டை என்று இவர்கள் சொல்கிற புதுப் பையன். கேமரா ஒரு தடவை பெஞ்சுப் பக்கம் போனது. என் மருமகன் மேல்சட்டையை இழுத்து மூடிக்கொண்டு தரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தான். 

"உட்கார வச்சிட்டானே," என்றார் அண்ணன்.  "டேய் மொட்டை, உனக்குக் கண்ணு அவிஞ்சு போச்சா? நான் ஏதோ சொன்னா நீ கேட்டுடுவியா? நீ கோச்சா, நான் கோச்சா?"

"விடுண்ணே, நெட்டை நல்லா ஓடுவான்," என்றார் டிரைவர்.

"என்ன ஓடுவான்? எவன் ஓடுவான்? அந்தப் பக்கம் வர்ற பதினோராம் நம்பர் வெளிய போற மாதிரி பாவலா காட்டிட்டு உள்ள வருவான். என் பையன் அவனோட ஏற்கெனவே ஆடியிருக்கான். இந்த நெட்டைக்கு என்ன தெரியும்?"

கோல் விழாமலே போய்க்கொண்டிருந்தது. தண்ணீர் தேங்கின மைதானத்தில் பந்து நின்று நின்று உருண்டது.  இன்னும் கொஞ்ச நேரம்தான், தாக்குப்பிடித்தால் போதும் என்கிறபோது அந்தப் பதினோராம் நம்பர் பந்தோடு நம் இடது பக்கம் வந்தான். வெளியே போகிற மாதிரி ஒரு பாவலா காட்டினான். நெட்டை அந்தப் பக்கம் சாய்ந்தான், வழுக்கிக்கொண்டு உட்கார்ந்தான். அவன் உள்ளே வந்து சாவகாசமாகத் தூக்கிக் கொடுத்தான், இன்னொருத்தன் தலையால் முட்டினான். முடிந்தது.

தெருவே செத்துப்போனது மாதிரி ஆகிவிட்டது. ரேடியோ முழங்காலில் முகத்தை வைத்துக்கொண்டு விசும்பி விசும்பி அழுதான். எங்கேயோ ஒரு கண்ணாடி உடைந்தது. அண்ணன் நிலையிலிருந்து கையை எடுக்கவில்லை. "என் பையன் இருந்திருந்தா அந்தப் பந்து வந்தே இருக்காது," என்றார். "வந்தே இருக்காது. அவன் அந்தப் பக்கத்தை அடைச்சிருப்பான்." 

மகனைப் பற்றி அவர் வாயிலிருந்து ஒரு நல்ல வார்த்தை வந்து நான் கேட்டது அன்றைக்குத்தான். 

அன்று மொட்டையைப் பிடித்து வைத்துப் பத்திரிகைக்காரர்கள் கேள்விமேல் கேள்வியாகக் கேட்டார்கள். மூணாம் நம்பரை ஏன் உட்கார வைத்தீர்கள், ஒரு அப்பா பேசின வீடியோவைப் பார்த்தா உட்கார வைத்தீர்கள் என்று. அந்த ஆள், "அணியைப் போட்டது நான். பழியும் என்னுடையது," என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்து போனார். அந்த வாரமே அவர் சீட்டைக் கிழித்துவிட்டார்கள்.

அப்புறம் லாண்டிரியில் ஒரே பேச்சுதான். இத்தனை நாள் மூணாம் நம்பரைக் கண்டு சிரித்தவர்கள் எல்லாம் அவனைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடினார்கள். அவனைப் போல ஒரு தடுப்பாட்டக்காரன் நம் நாட்டில் பிறக்கவில்லையாம். 

"ஒரு தகப்பன் தமாஷுக்குச் சொன்னதக் கேட்டு ஆளைத் தூக்குறவனெல்லாம் ஒரு கோச்சா?" என்றான் ரேடியோ.

"அதானே!" என்று அண்ணன் எல்லாரையும்விடச் சத்தமாகச் சொன்னார். "அவனுக்குப் புத்தி எங்க போச்சு?"

டீ நேரத்துக்கு டீ நேரம் மொட்டையைத்தான் வறுத்தெடுத்தார். பாய்லர் மீட்டரைப் பார்க்க மறந்து முதலாளியிடம் திட்டு வாங்கினார். பிடித்துக்கொள்ள அவருக்கு அது ஒன்றுதான் இருந்தது. அது தெரிந்து நானும் வாயைத் திறக்கவில்லை.

வார விடுமுறை அன்று மத்தியானம் பிள்ளை வந்தான். நான் அப்போது அண்ணியோடு விரிப்பு மடித்துக்கொண்டிருந்தேன். பையைச் சுவரோரம் வைத்தான். "நல்லா இருக்கீங்களா அத்தை?" என்றான். நேராகத்தான் நடந்தான், காலில் ஒரு குறையும் தெரியவில்லை. அண்ணி சோறு போட்டு, உருளைக்கிழங்கை எடுத்து வைத்தாள். அவன் சாப்பிட உட்கார்ந்தான். அண்ணன் என்ன செய்வதென்று தெரியாமல் அறைக்குள்ளேயே நடந்தார். 

"மொட்டை ஒழிஞ்சான்," என்று ஆரம்பித்தார். "புதுசா வர்றவனுக்குக் கண்ணு தெரியும். உன் இடம் எங்கயும் போயிடாது. அந்தக் குருட்டுப் பய..."

"அவரைத் திட்டாதீங்கப்பா."

"ஏன் திட்டக்கூடாது? என் பேச்சைக் கேட்டு உன்னை உட்கார வச்சவனைத் திட்டாம?"

"அவர் கேக்கலப்பா." பிள்ளை சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னான். "ஸ்கேன் எடுத்தாங்க. எலும்புல ஒண்ணும் இல்ல, கட்டு போட்டுக்கிட்டு ஆடலாம்னு டாக்டர் சொல்லிட்டார். மேட்சுக்கு முந்தின நாள் கோச் என்னைத் தனியாக் கூப்பிட்டு, நீதான் ஆடுறே, உங்க அப்பா பேச்சையெல்லாம் காதுல போட்டுக்காதேன்னார். நான்தான் வேணாம்னுட்டேன். யார்கிட்டயும் சொல்லாதீங்கன்னும் கேட்டுக்கிட்டேன். அவரும் சொல்லல."

அண்ணன் நின்றுவிட்டார். "வேணாம்னியா? ஏன்டா?"

"நீங்க சொன்னீங்களேப்பா."

அதில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் நான் நிம்மதியாக மூச்சு விட்டிருப்பேன். என்ன சாப்பிட்டாய் என்று கேட்டால் பதில் சொல்வோமே, அப்படிச் சொன்னான்.

"டேய், அது லாண்டிரில சும்மா... சிரிப்புக்குச் சொன்னதுடா. அங்க எப்பவும் அப்படித்தான். நீ சொல்லும்மா!" என்று என்னைப் பார்த்தார். 

"ஆமாய்யா," என்றேன். "மத்தவங்க உன்னைத் திட்டிடக்கூடாதுன்னு உங்கப்பா முந்திக்கிட்டுத் திட்டுவார். அவ்வளவுதான்." சொல்லும்போதே எனக்கு அசிங்கமாக இருந்தது. 

"எனக்குத் தெரியாதே அத்தை. லாண்டிரில என்ன பேசுவார்னு நான் எங்க கண்டேன்? எங்கிட்டயும் அதேதானே சொல்வார். நான் நெஜம்னுதான் நெனச்சேன். அப்பா பொய் சொல்லி நான் பார்த்ததில்ல." 

கொஞ்சம் தண்ணீர் குடித்தான்.

"பந்து என் பக்கம் வர்றப்ப கூட்டம் கத்துறதெல்லாம் எனக்குக் கேக்காது. அப்பா குரல்தான் கேக்கும். தூங்கிட்டே, தூங்கிட்டேன்னு. முந்தியெல்லாம் கேட்டாலும் ஆடிடுவேன். அந்த வீடியோவ ரூம்ல எல்லாரும் சேர்ந்து பார்த்தோம். பயம் வந்திருச்சுன்னு சொன்னீங்க. யோசிச்சுப் பார்த்தேன், சரியாத்தான் சொல்றார்னு தோணிச்சு. என்னால நாடே தோத்துடக்கூடாதுன்னு... நெட்டை நல்லா ஆடுவான்னு நெனச்சேன்."

அண்ணன் மெதுவாக அவனுக்கு எதிரில் தரையில் உட்கார்ந்தார். 

"உனக்கு எங்கடா பயம்?" என்றார்.  "அந்தத் தீவுக்காரங்களோட ஆடினியே, நெத்தி கிழிஞ்சு துணியச் சுத்திக்கிட்டு. ஏழாம் நம்பர் உன்னைத் தாண்டிப் போகவே முடியலையேடா. நான் பார்த்தேன். மூணு தடவ பந்த எடுத்தே. மூணாவது தடவ அவன் உன்னைக் கையெடுத்துக் கும்பிட்டான். அதுக்கு முந்தி ஒரு மேட்ச், கொளுத்துற வெயில்ல ஆடினது. எல்லாரும் நாக்கு தள்ளி நிக்கறப்ப நீ மட்டும் இந்தக் கோடியில இருந்து அந்தக் கோடிக்கு ஓடினே. அந்தக் கோலு உன் பாஸ்லதான் வந்துச்சு. எவனும் சொல்லல. எனக்குத் தெரியும்."

அவருக்கு எல்லாம் ஞாபகம் இருந்தது. எந்த மேட்ச், எந்தப் பக்கம் வெயில், பிள்ளை எந்தக் காலால் பந்தைத் தடுத்தான் என்பதுவரை ஒன்று விடாமல் இருந்தது. அத்தனையையும் எங்கே அமுக்கி வைத்திருந்தார் மனுஷன் என்று எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. பிள்ளை கேட்டுக்கொண்டே சாப்பிட்டு முடித்தான். தட்டைக் கழுவி வைத்துவிட்டு வந்து அதே இடத்தில் உட்கார்ந்தான். 

"கேட்டியாப்பா, உங்கப்பா சொல்றத?" என்றாள் அண்ணி. அத்தனை நாளுக்கப்புறம் அவள் முகத்தில் கொஞ்சம் ரத்தம் ஓடியது. 

"கேட்டேம்மா."

"அப்புறம் என்ன? அடுத்த கேம்புக்குப் போ. புதுக் கோச் வர்றாராமே."

"இனிமே ஆடலன்னு எழுதிக் குடுத்துட்டேம்மா."

அண்ணி மடித்துக்கொண்டிருந்த விரிப்பின் மறுமுனை என் கையில் இருந்தது. அவள் விட்டுவிட்டாள். "எப்போ?"

"நேத்து."

அண்ணன் காதில் அது விழுந்த மாதிரியே தெரியவில்லை. மகன் முழங்காலைக் கையால் பிடித்துக்கொண்டு, அவர் இன்னொரு பழைய மேட்சின் கதைக்குப் போயிருந்தார்.